சாராம்மா திருவிழா டூர் பேக்கேஜ்: அஞ்சுக்கு மூணு ஸ்டார்

கம்பெனி பேரு போடல, கோயம்புத்தூர்ல ஆபீஸ் வெச்சிருக்குற ஒரு புனிதப் பயண டிராவல்ஸ், அவ்ளோதான். எங்க கோயில் பங்குல தினம் ரெண்டு பேராவது எப்டி இருந்துச்சுன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்ட கட்டிக்கிச்சு, அதான் மொத்தமா எழுதிடுறேன்.

எங்களுக்கு ஊட்டி காந்தல்ல வீடு, சேரிங்கிராஸ் பக்கம் வர்க்கி, தைலம், சாக்லேட்டுன்னு ஒரு சின்ன கடை. மே மாசம் மலர் கண்காட்சி சீசன்ல கடைய சித்தப்பாகிட்ட விட்டுட்டு அம்மாவ கூட்டிட்டு பிரான்ஸ் கெளம்பினேன்னா என்னய பைத்தியம்னுதான் சொன்னாங்க. காரணம் நோட்டீஸ்ல இருந்த ஒரே ஒரு வரி, "மே 24, ஜிப்ஸி மக்களின் பாதுகாவலி சாரா திருவிழா". லூர்து எல்லா டிராவல்ஸும் காட்டுறதுதான், இத வேற யாரும் காட்டுறதில்ல. அம்மாவுக்கு ஒரு வருஷமா இதே பேச்சு.

விசா பேப்பர் வேலையெல்லாம் சுத்தமா பண்ணாங்க, கொற சொல்ல ஒண்ணுமில்ல. லூர்துல மூணு நாள் ரூம் பரவால்ல, புளிசாதமும் தயிர்சாதமும் பொட்டலம் கட்டி குடுத்தாங்க, வயசானவங்களுக்கு அது போதும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த ஊரு பேரு செந்த் மரி த லா மேர், கமார்க்னு ஒரு சதுப்பு நிலம், வழியெல்லாம் வெள்ளக் குதிரையும் கறுப்பு மாடும் கோடியக்கரைல வர்ற மாதிரி பூநாரையும், நடுநடுல நெல்லு வயலு வேற, அம்மா ஜன்னல விட்டு நகரவே இல்ல. இயேசுவோட காலத்து ரெண்டு மரியா, யாகோபோட தாயும் சலோமேயும், துடுப்பும் பாயும் இல்லாத படகுல வந்து ஒதுங்கின எடம்னு நம்பிக்கை. சாரா அவங்க கூட வந்த கறுப்பு வேலக்காரப் பொண்ணுங்குறாங்க, இல்ல இல்ல கரையில நின்னு அவங்கள வரவேத்தவளே இவதான்னும் ஒரு கத. திருச்சபை இன்னும் புனிதர் பட்டம் குடுக்கல, ஆனா ரோமா சனங்களுக்கு (ஜிப்ஸின்னு சொல்றாங்களே, அவங்கதான்) அவதான் தாய், சாரா லா காலிம்பாங்க, காலின்னா அவங்க பாஷைல கறுப்பி. இதெல்லாம் கைடு சொல்லலைங்க, நான் பஸ்ல போன்ல படிச்சது. கைடு தம்பி மைக்க பிடிச்சு சொன்னது ஒண்ணே ஒண்ணு, "ஜிப்ஸிங்க நெறைய இருப்பாங்க, பர்ஸ் பத்திரம், அவங்ககிட்ட பேச்சு குடுக்காதீங்க". யாரோட திருவிழாவுக்கு காசு வாங்கி கூட்டிட்டு வந்தாரோ அவங்களையே! அம்மா பின் சீட்ல இருந்து, "ஏம்ப்பா, சீசனுக்கு ஊட்டி பஸ் ஸ்டாண்டுல நின்னா கூடத்தான் பர்ஸ் பத்திரம், அதுக்கு ஊட்டிக்காரன் எல்லாம் திருடனா"ன்னு கேட்டாங்க. தம்பி மைக்க ஆஃப் பண்ணிட்டார்.

கோயில் பாக்க கோட்ட மாதிரி, கீழ நெலவற. படி எறங்குறப்பவே மெழுகுவர்த்தி சூடு மொகத்துல அடிக்குது, கூரையெல்லாம் கரி. மூலைல சாராம்மா சுரூபம், கறுத்த மொகம் மட்டும்தான் தெரியுது, மத்ததெல்லாம் துணி, பட்டு, ஜரிகை, வெல்வெட்டுன்னு ஒண்ணு மேல ஒண்ணா போத்தி போத்தி சாராம்மாவே குண்டாயிட்டாங்க. வர்றவங்க ஒவ்வொருத்தரும் நேர்த்திக்கு துணி சாத்துறாங்க, கன்னத்த தொட்டு முத்தம் வெக்குறாங்க, வேளாங்கண்ணில மாதாவுக்கு பொடவ சாத்துறதேதான். எங்கம்மா என்னய பாத்த பார்வை இருக்கே, "முன்னாடியே சொல்லிருந்தா காஞ்சிபுரத்துல ஒண்ணு எடுத்துட்டு வந்திருப்பேனேடா". இத ஒரு வரி நோட்டீஸ்ல போட முடியாதா? கடைசில கழுத்துல இருந்த மப்ளர கழட்டி காலடில வெச்சுட்டு வந்தாங்க.

வெளிய ஒரு ரோமா குடும்பம், எங்கள மாதிரியே பொட்டலம் பிரிச்சு சாப்ட்டுட்டு இருந்தாங்க. அந்த பாட்டி பாட்டில நீட்டி "பாணி"ன்னாங்க. சீசன் கடைக்காரங்களுக்கு வடநாட்டு டூரிஸ்டால இந்தி எண்ணும் தண்ணியும் தெரியுமில்ல, அம்மா உஷாராயிட்டாங்க. விரல விட்டு எண்ணச் சொன்னா யேக், துய், த்ரின், அஞ்சுக்கு பான்ஜ். ஆயிரம் வருஷத்துக்கு முன்ன வட இந்தியப் பக்கம் இருந்து கெளம்பினவங்கன்னு படிக்குறது வேற, பாட்டி வாயில கேக்குறது வேற.

இனிமேதான் கடுப்பு. சாயங்காலம் மூணரை சுமாருக்கு, மாடிக் கோயில்ல இருந்து மரியாக்களோட திருப்பண்டப் பேழைய (அவங்க எலும்புன்னு நம்புறத வெச்ச பெட்டி) பூ கட்டின கயித்துல மெதுவா எறக்குறாங்க, கூட்டமே மெழுகுவர்த்திய தூக்கிப் பிடிச்சு பாட்டும் கோஷமும் போடுது, அதுக்கப்புறம்தான் சாராம்மாவ கடலுக்கு தூக்கிட்டு போவாங்க. 1935ல பரோன்செல்லிங்குற பிரபு முன்ன நின்னு ஆரம்பிச்ச ஊர்வலம், திருவிழாவோட உசுரே அதான். நம்ம பஸ் ஷெட்யூல் என்னன்னா நாலு மணிக்கு கெளம்பணும்! கல்யாண வீட்டுக்கு கூட்டிட்டு போய் தாலி கட்டுறதுக்கு முன்ன வண்டிய எடுன்னா எப்டி? இருபத்திரெண்டு பேரும் ஏற மாட்டோம்னு நின்னோம், டிரைவர் இத்தன மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு சட்டம் பேசுறார், தம்பி ஆபீஸுக்கு போன் போடுறார், ஒரு வழியா ஆறு மணின்னு முடிவாச்சு. வெள்ளக் குதிரைல வந்தவங்க தண்ணிக்குள்ள எறங்கி நிக்க, தோள் மேல சாராம்மா கடலுக்குள்ள போறத நாங்க தள்ளி நின்னு கூட்டத்து தலைக்கு நடுவுல பாத்தோம், அம்மாவுக்கு கால நனைக்க நேரம் கெடைக்கல. மறுநாள் 25ல மரியாக்கள் ரெண்டு பேரும் படகோட கடலுக்கு போவாங்க, அது எங்க பேக்கேஜ்லயே இல்ல.

போறவங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடியே 24 ராத்திரி அந்த ஊர்லயோ பக்கத்துல ஆர்ல்லயோ தங்கல் வேணும்னு எழுதி வாங்கிக்கங்க. பட்டுத்துணி மறக்காதீங்க. அப்பறம் ஓடோமாஸ், கமார்க் கொசு ஊட்டிக்காரன் ரத்தத்த பாத்ததே இல்ல போல, எனக்கு கைல தழும்பு இன்னும் போகல.