ஒரே ஆவணம், இருவர் எழுத்து: கூகுள் டாக்ஸா, வேர்டா?

பார்வையற்ற ஒருவரும் பார்வையுள்ள ஒருவரும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுத முற்பட்டால், பெரும்பாலும் இரண்டு வழிகள் உள்ளன: கூகுள் டாக்ஸில் இருவரும் ஒரே நேரத்தில் எழுதுவது, அல்லது வேர்டு கோப்பை, திருத்தங்கள் பதிவாகும்படி அமைத்து, முறைவைத்துக் கைமாற்றிக்கொள்வது. திரையிலுள்ள எழுத்தைக் குரலாகப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் இரண்டிலும் இயங்குகிறது என்பதாலேயே இரண்டையும் சமம் என்று சொல்லிவிட முடியாது.

கூகுள் டாக்ஸில் உடன் எழுதுபவர் எந்த வரியில் இருக்கிறார் என்பதைப் பெயர் தாங்கிய வண்ணச் சுட்டி காட்டும். பார்வையுள்ளவர் அதை ஓரக்கண்ணால் கவனித்தபடியே தம் வரியைத் தொடரலாம். திரைவாசிப்பானின் குரலோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சொல்லும். ஆகவே, தம் வாக்கியத்தைக் கேட்டுத் திருத்திக்கொண்டிருப்பவருக்கு, இன்னார் வந்தார், இன்னார் போனார் என்ற அறிவிப்புகள் குறுக்கே வந்து விழுகின்றன. அவற்றை அணைத்தால் அமைதி கிடைக்கும். ஆனால் மேலேயுள்ள பத்தியை மற்றவர் நீக்கியிருந்தால், திரும்பப் போய்ப் படிக்கும்வரை அது தெரியவராமல் போகலாம். தொலைபேசியில் பேசிக்கொண்டே எழுதிச் சமாளிக்கலாம் என்றாலும், அப்போது இரண்டு குரல்கள் ஒரே காதுக்குப் போட்டியிடுகின்றன. திரையிலுள்ள உரையை விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்தாக மாற்றித்தரும் ‘பிரெயில் காட்டி’ என்ற கருவி இருந்தால் இந்தச் சிக்கல் குறையும். அதன் விலைதான் பலருக்கு எட்டாதது.

வேர்டில் தம் முறை முடியும்வரை உரை அசையாமல் நிற்கிறது என்பதே பெரிய ஆறுதல். பார்வையற்ற நிரலாளர் ஒருவர் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான், சேர்த்த சொல் எது, நீக்கிய சொல் எது என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்கிறது. கருத்துக் குறிப்புகளைப் பட்டியலாக்கி, வேண்டியதற்கு நேரே தாவவும் விடுகிறது. ஆனால் திருத்தங்கள் மிகுந்த பத்தியில், நீக்கிய சொற்களும் சேர்ந்தே ஒலிப்பதால் வாக்கியத்தின் பொருளைப் பிடிப்பது கடினம். காத்திருப்பும், ‘இறுதி’, ‘இறுதி 2’ என்று பெருகும் கோப்புகளும் எல்லோருக்கும் பொதுவான தொல்லை.

கோப்பில் யார் எதை மாற்றினார் என்பதைப் பதிவுசெய்யும், நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட் (Git) என்ற கருவி மூலம், வடிவமைப்பு ஏதுமற்ற வெற்று உரையாக எழுதுவது மூன்றாவது வழி. நிரலாளர்களுக்கு வெளியே அதை யாரும் விரும்பிக் கற்பதாகத் தெரியவில்லை.

நீண்ட வரைவுக்கு நான் வேர்டையே பரிந்துரைப்பேன். கூட்டக் குறிப்பு போன்ற அவசர வேலைக்கு டாக்ஸ் போதும். ஆனால் திரைவாசிப்பான் தலைப்புக்குத் தலைப்பு தாவக்கூடியது என்பதால், முறையான தலைப்புகளிட்டுப் பகுதிகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் எழுதிக்கொண்டிருக்கும் பகுதியில் ஒரு காற்புள்ளியைக்கூட உடனே திருத்தாமல், பார்வையுள்ளவர் அதைக் கருத்துக் குறிப்பாக இட்டுவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும்.