ஹம்மிங்பறவை ஃபீடர்: ஐந்து கோடைகள் பயன்படுத்திய பிறகு

நியூ ஜெர்சியில் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஹம்மிங்பறவைகளுக்காக ஃபீடர் (சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் கலம்) மாட்டி ஐந்து கோடைகள் ஆகின்றன. தமிழில் ஓசனிச்சிட்டு என்றும் அழைக்கப்படும் இப்பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. நம் ஊர்த் தேன்சிட்டின் சாயல் இருந்தாலும் அதற்கு உறவல்ல. எங்கள் பகுதியில் கூடு கட்டுவது செந்தொண்டை இனம் மட்டுமே.

முதலில் வாங்கியது தலைகீழாகத் தொங்கும் புட்டி வகை. வெயில் ஏறினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து சர்க்கரைத் தண்ணீரை வெளியே தள்ளும். கீழே சொட்டியதைத் தேடிக் குளவிகளும் எறும்புகளும் வந்து சேரும். பிரஷ் எட்டாத கழுத்துப் பகுதியில் கரும்பூஞ்சை படிந்திருந்ததைக் கண்ட அன்றே அதைத் தூக்கிப் போட்டேன். அடுத்து வாங்கிய தட்டு வகையைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறேன். இரண்டாகக் கழன்று வருவதால் வெந்நீரில் முழுவதும் கழுவ முடிகிறது. நடுவிலுள்ள குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டால், சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதே முறையில் எறும்பு அண்டாது. சிவப்பு நிறம் வெளுத்துவிட்டது. பறவைகளின் வருகை குறையவில்லை.

அளவு எளிது: ஒரு கப் வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு கப் தண்ணீர். சாயம், தேன், வெல்லம் எதுவும் சேர்க்கக் கூடாது. ஆகஸ்ட் வெயிலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

இந்த ஃபீடரின் உண்மையான பயன் கோடை முடியும்போதுதான் தெரிகிறது. வளர்ந்த ஆண்கள் ஆகஸ்டிலேயே கிளம்பத் தொடங்கிவிடும். செப்டம்பரில் வருபவை பெரும்பாலும் பெண்களும் அந்த ஆண்டுக் குஞ்சுகளும். சுமார் 3 கிராம் எடையுள்ள பறவை, பயணத்திற்கு முன் கொழுப்பைச் சேர்த்து ஏறத்தாழ இரு மடங்காகிறது. அவற்றில் பல, மெக்சிகோ வளைகுடாவின் மேல் சுமார் 800 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் கடக்கின்றன. பெற்றோரின் துணையின்றி, முன்பின் பார்த்திராத வழியில் அந்தக் குஞ்சுகள் தனியாகப் போகின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

சென்ற செப்டம்பர் இறுதியில், குளிர்ந்த ஒரு காலையில், இளம் ஆண் ஒன்று இறகுகளைப் பந்துபோல் உப்பிக்கொண்டு தட்டின் விளிம்பில் அமர்ந்திருந்தது. வெண்ணிறத் தொண்டையில் ஒரே ஓர் இறகு மட்டும் சிவந்திருந்தது. வழக்கம்போல் நொடியில் பறந்துவிடாமல் நெடுநேரம் குடித்தது. அலகை எடுத்தபோது, கண்ணாடி இழை போன்ற நாக்கு நுனியில் வெளிப்பட்டு மறைந்தது.

அமெரிக்கத் தொழிலாளர் தினம் (செப்டம்பர் முதல் திங்கள்) வந்ததும் ஃபீடரைக் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் பறவைகள் புறப்படாமல் தங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். முதல் ஆண்டில் நானும் அதை நம்பிக் கழற்றிவிட்டேன். மூன்றாம் நாள், ஃபீடர் தொங்கிய வெறும் கொக்கியின் முன்னால் ஒரு பறவை அந்தரத்தில் நின்று, இடமும் வலமும் நகர்ந்து தேடிவிட்டுப் போனது. அதை இன்றும் மறக்க முடியவில்லை. பகல் பொழுது குறைவதே அவற்றைக் கிளம்பத் தூண்டுகிறது. நாம் வைக்கும் சர்க்கரைத் தண்ணீர் அவற்றைத் தடுத்து நிறுத்துவதில்லை. வடக்கிலிருந்து தாமதமாக வரும் பறவைக்கு அது வழிச்சாப்பாடு. ஆகவே தயவுசெய்து, கடைசிப் பறவையைக் கண்ட பிறகும் இரண்டு வாரங்கள் ஃபீடரை விட்டு வையுங்கள். இந்த ஆண்டு அக்டோபர் 3 அன்று கடைசியாக ஒன்றைப் பார்த்தேன். 17 வரை, அரைத் தட்டு அளவுக்கு மட்டும் ஊற்றி, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன்.