வலசைக் காலத்தில் நடப்பதா, உட்காருவதா?

பக்கத்து ஏரிக்கரையோ புதர்க்காடோ, பறவை பார்க்க இரண்டு வழி உண்டு. பாதை நெடுக நடந்து தேடலாம். இல்லையென்றால் ஓரிடம் பிடித்து உட்கார்ந்து, வருவதைப் பார்க்கலாம். இனப்பெருக்கக் காலத்தில் நடப்பவர் எளிதாக ஜெயித்துவிடுவார். ஆண் பறவைகள் தங்கள் எல்லைக்குள் பாடிக்கொண்டிருக்கும். பாட்டு வரும் திசையில் போனால் போதும். பறவைகள் வலசை, அதாவது பருவம் மாறும்போது நெடும்பயணம், போகும் இலையுதிர்காலத்தில் அந்த வசதி இல்லை. பாட்டு பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், பறவைகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அவையே நகர்ந்து வரும்போது நாம் ஏன் அலைய வேண்டும் என்பது உட்காரும் கட்சியின் வாதம். நானும் அந்தக் கட்சிதான், புதர்க்காட்டைத் தவிர.

அங்கே நடக்கத்தான் வேண்டும். கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான் போன்ற சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில்தான் வலசை போகின்றன. இரவுக் காற்று குளிர்ந்து அடங்கியிருக்கும், வேட்டைப் பறவைகளின் தொல்லை குறைவு, பகலை இரை தேட வைத்துக்கொள்ளலாம். விடியும் நேரத்தில் இறங்கி, அடுத்த கட்டப் பயணத்துக்குக் கொழுப்பு சேர்க்க மும்முரமாகத் தின்னும். எந்தப் புதரில் இறங்கியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. முதல் வெயில் படும் ஓரங்களில் பூச்சிகள் சீக்கிரம் கிளம்பும் என்பதால் அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் பல இனங்கள் சேர்ந்து மேயும் ஒரு கலப்புக் கூட்டம் கண்ணில் பட்டதும் நடையை நிறுத்திவிட வேண்டும். புதிதாக வந்தவை பல சமயம் உள்ளூர்ப் பறவைகளோடு சேர்ந்துதான் திரியும். முன்னால் வரும் நாலைந்தைப் பார்த்துவிட்டு நகர்கிறவர், பின்னால் வந்த விருந்தாளியைத் தவறவிட்டுவிடுவார்.

சேற்றுத் திட்டுக்கு வந்துவிட்டால் போட்டியே இல்லை. திறந்த வெளியில் ஒரு ஆள் நடந்தால், சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைக் கூட்டம் மொத்தமாக எழும்பிவிடும். அவற்றின் தீனி நேரமும் சேர்த்துவைத்த சக்தியும் வீணாகும். நமக்கும் முதுகுதான் தெரியும். கடலோரமானால் ஓத (கடல்நீர் ஏறி இறங்கும் நேர) அட்டவணையைப் பார்த்து, நீர்மட்டம் உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்காருங்கள். நீர் ஏற ஏற, தூரத்துச் சேற்றில் மேயும் பறவைகள் தாமாகவே கரைப் பக்கம் ஒதுங்கும்.

உட்கார்ந்தால் வயதும் பிடிபடும். வளைமூக்கு உள்ளானில் முதிர்ந்தவை முன்னால் வந்துவிடும், அவ்வருடக் குஞ்சுகள் பிறகு தனியாக வரும். முதிர்ந்தவற்றின் இறகு தேய்ந்து, இனப்பெருக்கக் காலச் செந்நிறம் ஆங்காங்கே திட்டாக ஒட்டியிருக்கும். குஞ்சுகளுக்கு முதுகில் ஒவ்வொரு இறகின் ஓரமும் வெளிறி, செதில் அடுக்கியது போலச் சீராக இருக்கும். இவற்றில் வழிகாட்ட யாரும் இல்லாமல் கிளம்பும் குஞ்சுகளும் உண்டு என்பதுதான் எனக்கு இன்னும் நம்ப முடியாத சங்கதி. 2022 அக்டோபரில் ஐந்து மாத வயதுள்ள ஒரு பட்டைவால் மூக்கன் (இதுவும் ஒரு கரைப்பறவைதான்) அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை 11 நாளில், எங்கும் இறங்காமல் கடந்தது. செயற்கைக்கோள் கருவி பொருத்தியிருந்ததால் தெரிய வந்தது.

கழுகு, பருந்துக்கும் உட்காருவதே சரி. இவை வெப்பக் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, அப்படியே சறுக்கிப் போகும் ரகம். தரை சூடேறாமல் பெரிதாகக் கிளம்பாது, எனவே விடியற்காலையில் குன்றேறி நிற்பதில் பலன் குறைவு. மெக்சிகோவின் வெராக்ரூஸில் ஓர் இலையுதிர்காலத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வேட்டைப் பறவைகள் கடந்து போவதை நின்ற இடத்திலிருந்தேதான் எண்ணுகிறார்கள்.

கருவியிலும் இதே பிரிவினைதான். நடப்பவருக்கு 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை கொண்ட) பைனாகுலர் போதும். ஸ்கோப்பும் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) அதைத் தாங்கும் முக்காலியும் தோளில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் நடை கசந்துவிடும். உட்காருபவருக்கு ஸ்கோப் இல்லாவிட்டால் தூரத்து உள்ளான்கள் வெறும் பழுப்புப் புள்ளிகள்.

ஒரே ஒரு காலைதான் கிடைக்கிறது என்றால்? வானிலையைப் பாருங்கள். இரவெல்லாம் பறப்பதற்குத் தோதான பின்காற்று வீசி, விடியும் முன் மழை பிடித்திருந்தால் பறவைகள் வழியிலேயே இறங்கியிருக்கும். அன்று புதர்க்காட்டில் நடக்கலாம். மற்ற நாட்களில் என் ஓட்டு நாற்காலிக்குத்தான், புதரும் நீரும் சந்திக்கும் மூலையில், சூரியனுக்கு முதுகு காட்டி.