ஐஸ் ஹொக்கிப் பிள்ளைகளின் வேகத்துக்கென வாங்கியவை: சில பருவங்கள் கழித்து எது பயன்பட்டது

8 முதல் 14 வயதுப் பிள்ளைகளை வைத்து, ரொறன்ரோ வட்டாரத்தில் வீட்டுக் கராஜிலும் வாடகை ஐஸிலும் பல பருவங்களாகப் பாவித்த பொருட்கள் இவை: ஸ்லைட் போட் (இரு முனையிலும் தடுப்புள்ள, பக்கவாட்டில் வழுக்கி உதைக்கும் பலகை), ஸ்கேட்டோடு ஓடும் செயற்கை ஐஸ் பலகை (பிளாஸ்டிக்), இழுவைப் பட்டி, பின்னால் கட்டி ஓடும் வேகப் பாரசூட், தரையில் விரிக்கும் ஏணி. இவை எல்லாவற்றையும்விட அதிகம் பலன் தந்தது ஸ்கேட் பிளேட்டுக்கு ஒழுங்காகப் பிடித்த சாணை. அதிலிருந்தே தொடங்கலாம்.

பிளேட்டின் அடியில் நீளவாக்கில் ஓடும் குழிவைத்தான் ஹொலோ என்கிறார்கள். கேட்காமல் கொடுத்தால் பெரும்பாலான கடைகளில் ½ அங்குலம் (குழிவின் ஆரம்) பிடித்துத் தருவார்கள். எண் சிறிதானால் குழி ஆழம். விளிம்பு ஐஸை இறுகக் கவ்வும், வழுக்கிச் செல்வது குறையும். விளிம்பை ஐஸுக்குள் அழுத்துவது பிள்ளையின் எடை. 30 கிலோ பிள்ளைக்கு ½ சிலவேளை போதாது. திருப்பத்தில் கால் நழுவும். நழுவும் என்ற பயத்தில் பிள்ளை முழங்காலை மடிக்காமல் நிமிர்ந்தே ஓடும். பயிற்றுநர் "மடி, மடி" என்று கத்திக்கொண்டே இருப்பார். 7/16 அல்லது 3/8 பிடித்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவதுண்டு. 60 கிலோவைத் தாண்டிய பிள்ளைக்கு அதே 3/8 பாரமாக இழுக்கும். நிறுத்தும்போது பிளேட் சிக்கித் தடுமாறும். ஒரு தடவைக்கு ஒரு படி மட்டும் மாற்றுங்கள். இரண்டு மூன்று பயிற்சி பழகிய பிறகே முடிவு சொல்லுங்கள்.

சாணை முடிந்து வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை. ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, பிளேட்டின் குறுக்கே ஒரு குவார்ட்டர் நாணயத்தை வையுங்கள். நாணயம் ஒரு பக்கம் சரிந்தால் ஒரு விளிம்பு உயர்ந்திருக்கிறது. இடப்பக்கக் கிராஸ்ஓவர் (திருப்பத்தில் ஒரு காலை மற்றதன் மேலால் குறுக்கே வைப்பது) வராது என்று மாதக்கணக்கில் திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்குக் காரணம் இந்தச் சரிவுதான். ஐஸில் 8 முதல் 10 மணிநேரத்துக்கு ஒருமுறை சாணை போதும். காப்புறை போடாமல் கொங்கிரீட்டில் இரண்டு அடி வைத்தால் அந்தக் கணக்கு அன்றே முடிந்தது.

ஸ்கேட் அளவு சப்பாத்து அளவைவிட ஒன்று, ஒன்றரை குறைவாக இருக்கும். லேஸை முழுதாகத் தளர்த்தி, விரல்களை முன்னுக்குத் தள்ளி நிற்கும்போது குதிக்குப் பின்னால் ஒரு விரல் நுழையலாம். இரண்டு விரல் நுழைந்தால் அது அடுத்த வருடத்து ஸ்கேட். பூட் விறைப்பாக இருந்து முழங்கால் கால்விரலுக்கு முன்னால் போகாவிட்டால் மேல் ஓட்டையை லேஸ் போடாமல் விடுங்கள். செலவில்லாத திருத்தம்.

அடுத்த இடம் ஸ்லைட் போட்டுக்கு. நீளம் தோராயமாகப் பிள்ளையின் உயரம். 10 வயதுக்கு நாலரை அடி, 13 வயதுக்கு ஐந்து. சுருட்டி வைக்கும் வகை குளிர் கராஜில் ஓரம் மேலே வளையும், இரு முனைத் தடுப்புகளின் பசையும் விடும். முக்கால் அங்குல ஒட்டுப்பலகையின் மேல் வழுக்குத் தகடு ஒட்டி, முனைகளில் சாய்வாக அறுத்த மரத்தை உள்ளிருந்து திருகாணியால் இறுக்கிச் செய்தது கூடுதல் காலம் உழைத்தது. எம்டிஎஃப் எனும் அழுத்திய மரநார்ப் பலகை வேண்டாம், ஈரத்துக்கு ஊதும். முதலில் தேய்வது சப்பாத்துக்கு மேல் மாட்டும் நைலோன் உறை. அடியில் மண் ஒட்டியிருந்தால் பலகையையும் கீறிவிடும். ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும்.

அளவு: 15 முதல் 20 செக்கன் தள்ளுதல், ஒரு நிமிட ஓய்வு, ஆறு தடவை, வாரத்தில் இரு நாள். முழங்கால் ஆழமாக மடிந்து, தலை ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். தலை மேலும் கீழும் ஆடத் தொடங்கினால் அன்றைக்குப் போதும், எண்ணிக்கையைத் துரத்த வேண்டாம். கால்விரலால் மட்டும் உதைப்பது அடிக்கடி காணும் பிழை. குதியிலிருந்து விரல்வரை முழுப் பாதமும் தடுப்பில் பதிய வேண்டும். இந்தப் பலகைக்கு ஒரு குறை உண்டு. இங்கே உதை நேர் பக்கவாட்டில் போகிறது. ஐஸில் அது பின்னால் சாய்ந்து போக வேண்டும். ஆகவே இடுப்பும் தொடையும் பலப்படும், புறப்படும் முதல் எட்டுகள் (காலடிகள்) இதில் வராது.

அதற்குத்தான் செயற்கை ஐஸ் பலகை உதவும் என்று வாங்கினால், ஓரளவு உதவும். உராய்வு அசல் ஐஸைவிடக் கூட. நீள ஓட்டம் பழகினால் பிள்ளை குறுகிய, வெட்டி வெட்டிப் போகும் எட்டுக்குப் பழகிவிடும். இறுக்கமான திருப்பம், முன்னோட்டத்திலிருந்து பின்னோட்டத்துக்கு மாறுதல், முதல் மூன்று எட்டுகள் ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிளேட் வேகமாக மழுங்கும். இன்னொரு விஷயம்: பிளாஸ்டிக் வெப்பத்தில் நீளும். 12 அடி வரிசை, மாரிக் குளிருக்கும் கோடை வெயிலுக்கும் இடையில் ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர்வரை மாறும். சுவரோடு ஒட்டிப் போட்டால் யூலையில் நடுவில் கூடாரம் எழும்பும்.

பாரசூட் பையில் கிடக்கிறது. பிள்ளைகளின் வேகத்தில் அது சரியாக விரிவதே இல்லை. ஏணி கால் தாளத்துக்கு நல்லதுதான், ஆனால் ஐஸில் எவரும் ஏணியில் ஓடுவது போல் கால் வைப்பதில்லை. சூடேற்றும் ஐந்து நிமிடத்துக்கு மேல் அதற்குக் கொடுக்கத் தேவையில்லை. இழுவைப் பட்டி பரவாயில்லை: இடுப்பில் மாட்டி, பின்னால் ஒருவர் இலேசாகப் பிடித்து, முதல் ஐந்து எட்டுகள் மட்டும். பாதம் வெளிநோக்கித் திரும்பி, ஓடுவது போல் எட்டு விழ வேண்டும். பிள்ளை இடுப்பில் மடிந்து குனிந்தால் பிடி இறுக்கம்.

ஐஸ் நேரம் கிடைத்தால், கோல் கோட்டிலிருந்து கிட்டிய நீலக் கோடு 64 அடி; அதுவே நல்ல அளவுகோல். நின்ற நிலையிலிருந்து முழு வேகம், 40 செக்கனுக்குக் குறையாத ஓய்வு, ஆறு தடவை, சூடேற்றிய உடனே. பயிற்சி முடிவில் களைத்த கால்களால் ஓடவைத்தால் மூச்சுதான் பழகும், வேகம் பழகாது. கைத்தொலைபேசியில் செக்கனுக்கு 240 பிரேம் காணொளி எடுத்து பிரேம்களை எண்ணுங்கள். நிறுத்துக்கடிகாரத்தில் விரல் பிந்துவதே பிள்ளை கண்ட முன்னேற்றத்தைவிடப் பெரிதாக இருக்கும். கிராஸ்ஓவருக்கு ஐஸில் வரைந்துள்ள, 15 அடி ஆரமுள்ள ஃபேஸ்ஓஃப் வட்டங்கள் இருக்கின்றன, இரு பக்கமும் சம எண்ணிக்கை.

கூம்புகளைச் சுற்றி ஓடும் பாதை பிள்ளைக்கு முன்பே தெரியும். அதனால் அது சுறுசுறுப்பின் பாதிதான். மற்றப் பாதி, எதிரே உள்ளதைப் பார்த்துத் திரும்புவது. இருவரை எதிரெதிரே நிறுத்தி ஒருவர் செய்வதை மற்றவர் அப்படியே செய்யும் விளையாட்டு, பக் எனும் ரப்பர் வட்டை எந்தப் பக்கம் எறிவது என்று சொல்லாமல் எறிந்து துரத்தவிடுவது, இவற்றுக்குப் பொருள் எதுவும் வேண்டாம். ரொறன்ரோவுக்கு வடக்கே நியூமார்க்கெற்றில் வளர்ந்த ஐஸ் ஹொக்கி நட்சத்திரம் கொனர் மக்டேவிட்டும் சிறுவயதில் வீட்டு முன்றலில் பெயின்ற் பேணிகளை அடுக்கி, இன்லைன் ஸ்கேட்டில் நேரம் பார்த்து ஓடியவர்தான்.

பெண் பிள்ளைகளுக்கு 12 வயதையும் ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதையும் ஒட்டி உயரம் பாயும்போது ஓட்ட நேரம் சில மாதம் மோசமாகும். அப்போது ஸ்லைட் போட்டைப் பாதியாகக் குறைத்து, உள்தொடைக்கு வேலை கொடுங்கள்: பக்கவாட்டில் படுத்து, மேல் முழங்காலை வாங்கில் வைத்து இடுப்பைத் தூக்குவது, பக்கத்துக்கு ஆறு முதல் எட்டு, இரண்டு சுற்று. கவட்டில் வலி என்று பிள்ளை சொன்னால் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய ஸ்கேட்டாக இருந்தாலும் குதியில் மறுபடி விரலை விட்டுப் பாருங்கள்.