மைன்கிராஃப்ட் சர்வர்: பதினான்கு மாதம் ஓட்டிய பிறகு

சர்வரை ஏற்றியது பத்து நிமிட வேலை. நண்பனை உள்ளே வரவைக்கத்தான் ஐந்து நாள் ஆனது.

மைன்கிராஃப்ட் கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் விளையாட்டு; பலர் சேர்ந்து ஆடும் உலகத்தை ஓடவிடுவது சர்வர். சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில் அதன் ஜாவா பதிப்பு சர்வர், ஆட்கள் ஆறு பேர். முதல் தடவை ஓடவிட்டதும் அது உடனே நின்றுவிடும், பயப்பட வேண்டாம். யூலா (உரிம ஒப்பந்த) ஃபைலில் ஃபால்ஸ் என்றிருப்பதை ட்ரூ ஆக்கினால் கிளம்பிவிடும். 1.20.5 பதிப்பிலிருந்து லேப்டாப்பில் குறைந்தது ஜாவா 21 மென்பொருள் வேண்டும். மூடியை மூடினால் லேப்டாப் தூங்காதபடி செட்டிங்கை மாற்றிவிடுங்கள். நான் மறந்துபோய் மூடி, ஆறு பேரிடமும் திட்டு வாங்கினேன்.

அப்புறம் அந்த ஐந்து நாள் கதை. மைன்கிராஃப்ட் சர்வருக்கான போர்ட் (இணைப்பு நுழையும் கதவு எண்) 25565. ரவுட்டரில் அதை லேப்டாப்புக்குத் திருப்பிவிட்டேன். வீட்டுக்குள் எல்லாம் சரியாக ஓடியது. வெளியிலிருந்து வந்த நண்பனுக்கோ 'டைம்டு அவுட்' மட்டும்தான். ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன், ரவுட்டரை ரீசெட் செய்தேன், ஒன்றும் நகரவில்லை. நான்காம் நாள்தான் ரவுட்டர் காட்டும் வெளி ஐபி (இணைய முகவரி) 100.72 என்று தொடங்குவது கண்ணில் பட்டது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் இணைய நிறுவனங்கள் பயன்படுத்தும் சிஜிநாட் என்ற முறைக்காக ஒதுக்கப்பட்டவை. பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே பொது ஐபி என்று அர்த்தம். நம் ரவுட்டரில் எந்தக் கதவைத் திறந்தாலும், அதைத் தாண்டி இணைய நிறுவனத்தின் கதவு பூட்டியே இருக்கும். வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள். தனி ஐபி கேட்டு, அது கைக்கு வர மூன்று வாரம் பிடித்தது. அதுவரை இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் டனல் செயலி ஒன்றை வைத்துச் சமாளித்தோம். பிங் (பதில் வர ஆகும் நேரம்) கொஞ்சம் ஏறியது, ஆனால் வீடு கட்டுவதற்கு அது ஒரு தொந்தரவே இல்லை.

லேக் (ஆட்டம் திணறுவது) விஷயத்தில் நான் செய்தது சுத்த முட்டாள்தனம். இருந்த 16 ஜிபி ராமில் 12-ஐ சர்வருக்கே தூக்கிக் கொடுத்தேன். லேக் அப்படியே இருந்தது. சர்வர் உலகத்தை நொடிக்கு 20 முறை புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு டிக், ஒரு டிக்குக்கு 50 மில்லிசெகண்ட்தான் அவகாசம். அந்த வேலையில் பெரும்பகுதி ப்ராசசரின் ஒரே கோரில் நடக்கிறது, அங்கே ராம் என்ன செய்யும்? ஒருவருக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்பதைச் சொல்லும் வியூ டிஸ்டன்ஸை 10-லிருந்து 6-க்கு இறக்கினேன். ஒருவரைச் சுற்றி 441 சங்க் (உலகத்தின் சதுரத் துண்டுகள்) இருந்த இடத்தில் 169 ஆனது. சர்வர் பின்தங்குகிறது என்று சொல்லும் 'கான்ட் கீப் அப்' எச்சரிக்கை அதோடு கன்சோலில் அருகிவிட்டது. இப்போது 4 ஜிபியே தாராளம்.

ஒயிட்லிஸ்டை (உள்ளே வரலாம் என்று நீங்கள் அனுமதிக்கும் பெயர்ப் பட்டியல்) முதல் நாளே போடுங்கள். முகவரியை வெளியே யாருக்கும் சொல்லவில்லையே என்று நானும் அலட்சியமாக இருந்தேன். இரண்டாம் மாதம் ஒரு நள்ளிரவு, லாகில் முன்பின் தெரியாத ஒரு பெயர். இந்த போர்ட்டைத் தேடி அலையும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) ஏராளம். நுழைபவரின் கணக்கு உண்மையானதா என்று சரிபார்க்கும் ஆன்லைன் மோடையும் அணைக்காதீர்கள். அணைத்தால் யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரிலேயே நுழையலாம்.

பேக்கப் பாடம் எட்டாம் மாதத்தில் வந்தது. டிஸ்க் மக்கர் செய்தபோது, தினமும் எடுத்துவைத்த காப்பி இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தேன். சர்வர் எழுதிக்கொண்டிருக்கும்போதே வேர்ல்ட் ஃபோல்டரை நகலெடுத்ததால் கடைசி இரண்டு காப்பிகளும் பாதியில் உடைந்திருந்தன. இப்போது முதலில் தானாகச் சேமிப்பதை நிறுத்தும் சேவ்-ஆஃப் கட்டளை, அடுத்து எல்லாவற்றையும் எழுதிவிடும் சேவ்-ஆல், காப்பி முடிந்ததும் சேமிப்பை மீண்டும் தொடங்கும் சேவ்-ஆன். அன்று போன இரண்டு நாள் வேலையில் நண்பனின் நூலகமும் ஒன்று. கடைசி அலமாரியை முடித்துவிட்டு எனக்கு ஸ்கிரீன்ஷாட்கூட அனுப்பியிருந்தான். அந்த இடத்தில் இப்போது ஆடு மேய்கிறது.