ஏசிஎம்மா, ஐஇஇஇ கணினிச் சங்கமா: தலைவர் தேர்தலில் நிற்க நம்மூர் ஆளுக்கு எது தோது?

உலகளாவிய கணினித் தொழில்முறைச் சங்கம் ஒன்றுக்குத் தலைவராக ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒருவர் போட்டியிட முடியுமா? இன்ன ஊர்க்காரர்தான் நிற்கலாம் என்று எந்தச் சங்கமும் விதி வைத்திருக்கவில்லை. ஆனால் வாக்குச்சீட்டில் பெயர் ஏறுகிற வழி ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு மாதிரி. அந்த வழியைப் பார்க்காமல் இறங்கினால் சந்தா கட்டியதுதான் மிச்சம்.

பெரிய சங்கங்கள் இரண்டு. ஏசிஎம் எனப்படும் 'அசோசியேஷன் ஃபார் கம்ப்யூட்டிங் மெஷினரி' 1947-இல் தொடங்கியது, தலைமையகம் நியூயார்க். கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருதைக் கொடுப்பது இதுதான். மற்றது ஐஇஇஇ கணினிச் சங்கம். தன் வேரை 1946 வரை கொண்டு போகும் இது தனித்து நிற்பதல்ல, ஐஇஇஇ என்ற மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பின் பெரிய குடையின் கீழ் உள்ள பல சங்கங்களில் ஒன்று.

பதவிக்காலத்தை முதலில் பார்த்துவிடலாம். ஏசிஎம் தலைவருக்கு இரண்டு ஆண்டு. இரட்டைப்படை ஆண்டுகளில் தேர்தல், ஜூலை 1-இல் பொறுப்பேற்பு. ஜெயித்த சில வாரங்களில் நாற்காலி. ஐஇஇஇ கணினிச் சங்கத்தில் ஜெயிப்பவர் முதல் ஆண்டு 'அடுத்த தலைவர்', இரண்டாம் ஆண்டு தலைவர், மூன்றாம் ஆண்டு 'முன்னாள் தலைவர்'. அதிகாரம் ஓராண்டுக்கு, உழைப்பு மூன்றாண்டுக்கு. வாரம் பதினாறு வகுப்பு எடுத்து, பல்கலைக்கழக விடைத்தாளும் திருத்தும் ஆசிரியருக்கு இது பெரிய சுமைதான். இருந்தாலும் பழகிக்கொள்ள ஓராண்டு கிடைப்பது, டெல்லி வட்டாரத் தொடர்புகூட இல்லாத நம்மூர் ஆளுக்கு நல்லது என்பேன்.

இனி உண்மையான விஷயம். இரண்டிலும் நியமனக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஏசிஎம்மில் ஒவ்வொரு முக்கியப் பதவிக்கும் குறைந்தது இரண்டு பேரை அந்தக் குழு நிறுத்தும். உறுப்பினர்கள் ஓட்டுப் போடுவது அதற்கப்புறம்தான். நம் பக்கத்து விசைப்படகுச் சங்கங்களில் கூட்டம் கூடுவதற்கு முந்தின நாளே யார் பெயர் என்று பேசி முடித்திருப்பார்களே, கிட்டத்தட்ட அந்தக் கதை. ஆக, முதல் தேர்தல் குழுவின் மேசையில் நடக்கிறது. அங்கே நம்மைத் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும்.

குழு கண்டுகொள்ளாவிட்டால்? கையெழுத்து வாங்கி மனுப் போடலாம். கீழக்கரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கும் என் சித்தப்பா மகன் இதைக் கேள்விப்பட்டதும் துள்ளினான். "அண்ணே, எங்க மாணவர் கிளையிலேயே பிள்ளைகள் நிறைய இருக்கு. பக்கத்துக் கல்லூரிகளையும் சேர்த்தா கையெழுத்துக்கா பஞ்சம்?"

"மாணவர் உறுப்பினருக்கு ஓட்டு கிடையாதுடா. ஓட்டு இல்லாதவர் கையெழுத்து செல்லாது."

ஏசிஎம்மில் மனுவுக்கு வேண்டியது ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்களில் 1 சதவீதம் பேரின் கையெழுத்து. கேட்கும்போது சின்னதாகத்தான் தெரியும். கணக்குப் போட்டால் நூற்றுக்கணக்கில் வரும். அதுவும் பல நாடுகளில் சிதறிக் கிடப்பவர்களிடம். ராமேஸ்வரம் முதல் தொண்டி வரை கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினாலும் கட்டணம் கட்டிய தொழில்முறை உறுப்பினர்கள் அத்தனை பேர் தேற மாட்டார்கள். மனு வழி இருப்பது நல்லதுதான். ஆனால் அது பெயர் பெற்றவர்கள் கோபித்துக்கொண்டு வருகிற வழி, புதியவருக்கான வழி அல்ல.

மனுப் போட்டவர்கள் வந்தால் சங்கங்கள் எப்படி நெளியும் என்பதற்கு ஐஇஇஇயிலேயே சாட்சி உண்டு. தலைமை நிறுத்திய இருவருக்கிடையே ஓட்டுப் பிரிந்து மூன்றாமவர் புகுந்துவிடுவாரோ என்ற பேச்சுக்கிடையே, 1987-இல் ஒப்புதல் வாக்குமுறையைக் கொண்டுவந்தார்கள். பிடித்தவர் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் ஓட்டுப் போடலாம். 2002-இல் அதைக் கைவிட்டார்கள். உறுப்பினர்களில் கொஞ்சம் பேர்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். எனக்கென்னவோ அந்த முறையே நியாயமாகப் படுகிறது.

ஏசிஎம்மில் மேலே போனவர்களின் தடத்தைப் பாருங்கள். அலெக்சாண்டர் வுல்ஃப், விக்கி ஹான்சன், செர்ரி பான்கேக் மூவரும் வரிசையாகத் துணைத் தலைவராக இருந்து தலைவர் ஆனவர்கள். 2012-இல் வந்த விண்ட் செர்ஃப் இணையத்தின் தந்தையருள் ஒருவர், அவரை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வட அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து முதலில் வந்தவர் 2008-இல் பிரிட்டனின் வெண்டி ஹால். பிறகு ஆஸ்திரியாவின் கேப்ரியேல் கோட்சிஸ், கிரீஸின் யானிஸ் இயோனிடிஸ். கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் உள்ளே போனவர்கள் எல்லாரும் ஆய்வுலகில் பேர் சொல்லும் ஆட்கள். 2010-இல் ஏசிஎம் இந்தியா அமைப்பு வந்தபின் இங்கேயும் ஒரு படி கிடைத்திருக்கிறது. அதிலும் ஆய்வுக் கட்டுரைக்குத்தான் மதிப்பு.

ஐஇஇஇயில் ஏணிப்படிகள் கண்ணுக்குத் தெரியும். கல்லூரியில் மாணவர் கிளைக்கு ஆலோசகர், பிறகு ஐஇஇஇயின் வட்டாரப் பிரிவான மெட்ராஸ் செக்‌ஷனில் கணினிச் சங்கக் கிளையின் பொறுப்பு, அதற்குமேல் ஆசிய பசிபிக் நாடுகளுக்கான பத்தாம் மண்டலம். ஆய்வு வெளியிடாதவரும் கருத்தரங்கு நடத்தி, கணக்கு வழக்கு பார்த்து, பேர் வாங்கி ஏறலாம். கால் வைக்க இடம் தெரிவதால் நான் இதையே சொல்வேன்.

மற்றவற்றைச் சட்டென்று முடிக்கிறேன். 1965-இல் தொடங்கிய இந்தியக் கணினிச் சங்கம் பழகுவதற்கு நல்ல களம், ஆனால் தேசிய அளவோடு சரி. யுனெஸ்கோ ஆதரவில் 1960-இல் உருவான ஐஎஃப்ஐபி, பல நாட்டுக் கணினிச் சங்கங்களின் கூட்டமைப்பு; அதில் தனியாள் போய் நிற்க முடியாது. நாட்டுச் சங்கங்களின் பிரதிநிதிகளே ஓட்டுப் போடுவார்கள். 2000-இல் சிங்கப்பூரில் உருவான உத்தமம், அதாவது உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம், அளவில் சிறியது, தமிழ்க் கணிமைக்கு மட்டுமானது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சொந்தபந்தம் உள்ள கீழக்கரைக்காரருக்கு அங்கே அறிமுகம் எளிதாகக் கிடைக்கும். ஒருங்குறி (யுனிகோடு), எழுத்துரு என்று வேலை செய்தவராக இருந்தால் அதையே முதலில் பார்க்கலாம்.

செலவும் நேரமும் எதிலும் விடாது. நியூயார்க்கில் கோடையில் காலை 10 மணிக் கூட்டம் என்றால் நமக்கு இரவு 7.30, அது பரவாயில்லை. மாலை 4 மணிக்கு வைத்தால் நள்ளிரவு 1.30, வடகிழக்குப் பருவமழையில் கரண்ட் இருந்தால் யோகம். நேரில் போக மதுரைக்கு ஏறி, அங்கிருந்து விமானம் மாறி மாறிப் போக வேண்டும்.

தம்பிக்கு நான் சொன்னது, மனுவை மறந்துவிட்டு முதலில் ஐஇஇஇயின் 'சீனியர் மெம்பர்' தரத்துக்கு விண்ணப்பி என்பது. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. தொழிலில் 10 ஆண்டு அனுபவம், அதில் 5 ஆண்டாவது குறிப்பிடத்தக்க பணி, அப்புறம் ஏற்கெனவே அந்தத் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள மூன்று பேரின் பரிந்துரை. அனுபவம் இருக்கிறது. பரிந்துரைக்கு இரண்டு பேர் தேறிவிட்டார்கள். மூன்றாமவரைத் தேடி மதுரையில் இருக்கும் தன் பழைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு இப்போதுதான் மின்னஞ்சல் போட்டிருக்கிறான்.