உருளைக்கிழங்குக்கென்று விற்கும் ஜன்னல் வைத்த பை வாங்கலாமா?

மாடித்தோட்டத்துக்குப் பை தேடி ஆன்லைனில் எந்தக் கடைக்குள் போனாலும் இப்போது முதலில் கண்ணில் படுவது அந்தப் படம்தான். கறுப்புத் துணிப் பை, பக்கவாட்டில் ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் உள்ளே கொத்துக் கொத்தாக உருளைக்கிழங்கு. கோயம்புத்தூரில் எங்கள் மொட்டை மாடியில் அந்த ஜன்னல் பை, ஜன்னல் இல்லாத சாதாரணத் துணிப் பை, வெள்ளை எச்டிபிஇ பை (கெட்டியான பிளாஸ்டிக் இழையில் நெய்தது) என்று மூன்றையும் வைத்து, கிழங்கும் காய்கறியும் போட்டுப் பார்த்துவிட்டேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜன்னல் பைக்குக் கொடுக்கும் பணம் வீண். கிழங்குக்குத் துணிப் பை நல்லது, மற்ற எல்லாவற்றுக்கும் எச்டிபிஇ பை போதும்.

ஜன்னல் பையில் என்ன கோளாறு என்றால், அந்த ஜன்னலேதான். வெல்க்ரோவைப் பிரித்ததும் உள்ளே நிரப்பிய தென்னை நார்க்கழிவுக் கலவை பொலபொலவென்று தரையில் கொட்டுகிறது. அந்தக் கலவையோடு சேர்ந்து, வெள்ளை நூல் மாதிரி இருக்கும் கிழங்குத் தண்டுகளும் வெளியே தொங்குகின்றன, அவற்றின் நுனியில் பட்டாணி அளவில் பிஞ்சுக் கிழங்கு. திரும்பக் கலவையை உள்ளே தள்ளி மூடும்போது அதில் பாதி அறுந்துவிடும், அறுந்தது திரும்ப வளராது. அதற்குள் வெல்க்ரோ முழுக்க நார்த்துகள் ஏறியிருக்கும், பிறகு அது ஒட்டாது, ஓரத்தில் இடுக்கு விழும். அந்த இடுக்கு வழியாக வெளிச்சம் பட்ட கிழங்கெல்லாம் பச்சையாகிவிடும். பச்சையான கிழங்கில் சொலனின் என்ற நச்சு இருக்கும், அதைச் சமைக்கக் கூடாது, வேக வைத்தாலும் போகாது. வளரும் செடியின் வேரை அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் என் கருத்து. கிழங்கு எடுக்கிற அன்றைக்குப் பையைத் தார்ப்பாயில் கவிழ்த்தால் முடிந்தது வேலை.

அந்தப் பையோடு வரும் தாளில் இன்னொரு விஷயம் இருக்கும்: செடி வளர வளர மேலே மண் போட்டுக்கொண்டே போனால் அடுக்கடுக்காகக் கிழங்கு வைக்கும் என்று. என் பைகளில் அப்படி நடக்கவில்லை. விதைக்கிழங்குக்குச் சற்று மேலே, மண்ணுக்குள் இருக்கும் தண்டிலிருந்து கிளம்பும் பக்கத் தண்டுகளில்தான் கிழங்கு வந்தது, மேலே அரையடி கூடுதலாகக் கலவை போட்ட இடத்தில் வெறும் வேர்தான். மண் அணைப்பது அவசியம், அது கிழங்கில் வெயில் படாமல் காப்பதற்கு. அதனால் பையை முதலில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரை நிரப்பி, ஓரத்தைச் சுருட்டி விட்டு, செடி ஒரு சாண் வளர்ந்ததும் சுருளைப் பிரித்து மீதியை நிரப்பினால் போதும். இதற்கு எந்தப் பையும் சரிதான்.

சாதாரணத் துணிப் பை எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது. கம்பளி மாதிரித் தடித்த துணி, காற்று எல்லாப் பக்கமும் போகும், வேர் ஓரத்துக்கு வந்ததும் நுனி காய்ந்து நின்று பின்னால் புது வேர் விடும், அதனால் பைக்குள் வேர் சுற்றிக்கொள்வதில்லை. தண்ணீர் தேங்கி அழுகும் பேச்சும் இல்லை, கிழங்குக்கு அதுதான் வேண்டும். ஆனால் ஏப்ரல், மே வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காணாமல் போகும், இரண்டு வேளையும் பூவாளி தூக்க முடியாதவர்கள் கோடையில் இதில் செடி வைக்க வேண்டாம். விலையும் கூடுதல், ஒரு துணிப் பை விலைக்கு எச்டிபிஇ பை இரண்டு, சில கடைகளில் மூன்று கூட வாங்கலாம்.

எச்டிபிஇ பையில் பார்க்க வேண்டியது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில். 220, 240, 260 என்று வரும், மாடியில் வெயிலிலேயே கிடக்கப் போவதால் 260 வாங்குங்கள், புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்ததா என்றும் கேளுங்கள். அதைவிட முக்கியம் தையல். நான் வாங்கிய ஒரு கடைப் பைகளில் துணி நன்றாகவே இருந்தது, ஆனால் அடிப்பக்கத் தையல் நூல் ஒரு கோடைக்குள் நைந்து, கலவையோடு பை தூக்கும்போது அடி பிரிந்து வந்துவிட்டது. கடையில் கேட்டால் துணிக்குத்தான் உத்தரவாதம் என்றார்கள். கைப்பிடியை இழுத்துப் பார்த்து, அடித் தையல் இரட்டையாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குவது நல்லது. வடிகால் துளை அடியில் மட்டும் இருந்தால் தரையில் அழுந்தி அடைத்துக்கொள்ளும், பக்கவாட்டில் அடியை ஒட்டி நான்கு துளை இருக்க வேண்டும்.

அளவு விஷயத்தில் கடைக்காரர்கள் 12க்கு 12 அங்குலப் பையைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது மிளகாய்க்குச் சரி. கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்குக்கு 15க்கு 15, அது சுமார் 40 லிட்டர் பிடிக்கும். கீரைக்கு ஆழம் தேவையில்லை, 18 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் உள்ள பை அருமை. ஒன்றை மறக்காதீர்கள், 40 லிட்டர் பையில் வெறும் செம்மண் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் 60 கிலோவைத் தாண்டும், அப்படிப் பத்துப் பதினைந்து பை வரிசையாக வைத்தால் மாடி என்னாவது? அதனால்தான் தென்னை நார்க்கழிவு. 5 கிலோ கட்டி தண்ணீரில் ஊறினால் 60 லிட்டருக்குக் குறையாமல் உப்பி வரும். பொள்ளாச்சிப் பக்கம் என்பதால் எங்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் மலிவான கட்டியில் உப்பு அதிகம், நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். நார்க்கழிவில் சத்து என்று ஒன்றும் கிடையாது. மண்புழு உரம் அல்லது மக்கிய தொழு உரம் பாதிக்குப் பாதி, கொஞ்சம் செம்மண், ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு, இதுதான் என் கலவை.

சரி, சமவெளியில் உருளைக்கிழங்கு வருமா? வரும், பனிக்காலத்தில் மட்டும். இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் கிழங்கு நன்றாகப் பிடிக்கும், வெப்பம் 30ஐ நெருங்கினால் செடி தளதளவென்று இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. கோவையில் டிசம்பர், ஜனவரி இரவுகள் அந்த அளவுக்குக் குளிரும், ஓசூர் இன்னும் வசதி. சென்னை மாடியில் இதற்காகப் பணம் போட வேண்டாம் என்பேன். நவம்பர் முதல் வாரத்தில், முளை விட்ட, கோழி முட்டையைவிடச் சின்னக் கிழங்காகப் பார்த்து, பைக்கு இரண்டு வைத்தால் பிப்ரவரியில் இலை மஞ்சளாகிச் சாயும்போது எடுக்கலாம். துணிப் பையில் எங்களுக்கு ஒரு கிலோவை ஒட்டிக் கிடைத்தது. மேட்டுப்பாளையம் மண்டி பக்கத்திலேயே இருக்கிற ஊரில் இது பெரிய லாபம் இல்லைதான், ஆனால் அன்றைக்கே எடுத்த கிழங்கின் தோலை விரலால் தேய்த்தாலே உரிந்து வரும், அந்த ருசி கடைக்கிழங்கில் கிடையாது.

ஊட்டிக்குப் போனால் விதைக்கென்று கிழங்கும் மண்ணும் அள்ளி வராதீர்கள். 1961இல் இந்தியாவில் முதன்முதலாக வேரைத் தாக்கும் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது அங்கேதான், அதன் கூடு மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். அதேபோல, உருளைக்கிழங்கு எடுத்த கலவையில் அடுத்து தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்கக் கூடாது, நான்கும் ஒரே குடும்பம், வாடல் நோய் இருந்தால் அப்படியே தொற்றும். கொத்தவரையோ கீரையோ போடுங்கள்.

கிழங்கு ஆசை இருந்து குளிர் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, கருணைக்கிழங்கு மூன்றும் நம் வெயிலுக்கென்றே பிறந்தவை. சேம்புக்குத் தண்ணீர் நிறைய வேண்டும், அதற்கு எச்டிபிஇ பைதான் தோது. வெண்டையை நாற்று விடாமல் நேரடியாக ஆடியில் ஊன்றினால் 45 நாளில் காய் பறிக்கலாம், மாவுப்பூச்சி மட்டும் கவனம், வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஆன்லைனில் தேடுவதற்கு முன்னால் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் மானிய விலை மாடித்தோட்டக் கிட் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நான் பார்த்த கிட்டில் 6 பை, 2 கிலோ நார்க்கழிவுக் கட்டி 6, 6 வகை விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள், நோயைத் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சை, வேப்பெண்ணெய், கையேடு எல்லாம் இருந்தன. அதற்கு மேல் வேண்டுமென்றால் 15 அங்குல எச்டிபிஇ பை நான்கும், நவம்பரில் கிழங்குக்குத் துணிப் பை இரண்டும் வாங்கிக்கொண்டால் போதும், நான் திரும்ப வாங்கப் போவதும் இவற்றைத்தான்.